அடிதளர்ந்த கட்டடங்களை நிலைநிறுத்தும் முறை

மாடமாளிகைகளையும் பேராலயங்களையும் காணச் செல்வோர் அவற்றின் விண்ணளாவிய கோபுரங்களையும், வேலைப்பாடமைந்த தூண்களையும், வண்ணக் கண்ணாடிப் பலகணிகளையும் கண்டு வியந்து மீளுவர். அவையனைத்தையும் இரவும் பகலும் சுமந்து நிற்கும் கடைகாலை நினைப்பார் மிகச் சிலரே. அது மண்ணுள் மறைந்து கிடப்பதே அதற்குக் காரணம். சுவரில் வெடிப்பொன்று தோன்றி, கதவு நிலையில் இறுகி, தரை ஒரு மூலையில் தாழ்ந்த பின்னரே நம் கருத்துக் கீழ்நோக்கிச் செல்கின்றது. கடைகால் பழுதுற்றதெனின் மேலுள்ள கட்டடத்தை இடித்துப் புதிதாய் எழுப்பலாம் என்று கூறுதல் எளிது. எழுநூறு ஆண்டு நின்ற ஆலயத்தை இடிக்க ஒருப்படுவார் யார்? வாழ்நாளெல்லாம் ஈட்டிய பொருளால் எழுப்பிய வீட்டை இடிக்கத் துணிவார் யார்? மேலே கட்டடம் நின்றவாறே நிற்க, கீழே அதன் அடியை உறுதிசெய்தல் கூடுமோ எனின், கூடும். அஃது எங்ஙனம் செய்யப்படுகின்றது என்பதையும், அதில் முறைதவறின் நேரும் இடர் யாது என்பதையும் இயன்ற அளவு விளக்குவதே யாம் ஈண்டு மேற்கொண்ட பணியாகும்.

முதற்கண், கட்டடம் தாழ்வது ஏன் என அறிதல் வேண்டும். மண்ணின்மீது எழுப்பப்பட்ட எக்கட்டடமும் சிறிதளவேனும் அமிழ்ந்தே நிற்கும். அவ்வமிழ்வு எங்கும் ஒரு தன்மைத்தாக நிகழுமாயின் பெருங்கேடு இல்லை. ஒருபுறம் நிற்க மறுபுறம் தாழ்வதே கேடு. பாறையும் செறிந்த சரளையும் பெருஞ்சுமையைத் தாங்கவல்லன. மணல், சுமை ஏறிய அப்பொழுதே அமிழ்ந்து, பின் பெரும்பாலும் அசையாது நிற்கும். களிமண்ணோ, தன் நுண்டுளைகளில் நிறைந்துள்ள நீரை மெல்ல மெல்லக் கசியவிட்டு, ஆண்டு பலவாகத் தாழ்ந்துகொண்டே இருக்கும். நெடுங்காலம் நீரிற் கிடந்து மட்கிய செடிகொடிகளாலாகிய கரிய சதுப்புமண் இவை எல்லாவற்றினும் நொய்தானது. ஆங்கிலேயர் அதனைப் பீட் என்பர். இவையேயன்றி, திமிசுக்கட்டையால் நன்கு இடிக்காது கொட்டி நிரப்பிய மண், உடைந்த குழாயின் நீர் அரித்த மண், பக்கத்தில் ஆழத் தோண்டியதனால் நெகிழ்ந்த மண், பெருமரத்தின் வேர் ஈரத்தை உறிஞ்சியதனால் சுருங்கிய மண் ஆகியனவும் கட்டடத்துக்குப் பகையாம்.

வெடிப்பு ஒவ்வொன்றும் ஒரு செய்தி கூறும். சுண்ணப்பூச்சில் மயிரிழைபோல் ஓடும் கீறல், பூச்சு உலர்ந்ததனால் வந்ததாகலாம். பலகணியின் மூலையிலிருந்து செங்கற்படைகளின் இணைப்பு வழியே படிப்படியாகச் சாய்ந்தேறும் வெடிப்போ, சுவரின் ஒருபகுதி தாழ்ந்துவிட்டதென்பதை அறிவிப்பதாகும். மேலே அகன்று கீழே குறுகிய வெடிப்புச் சுவரின் ஓரம் தாழ்ந்ததையும், கீழே அகன்று மேலே குறுகிய வெடிப்பு நடுப்பகுதி தாழ்ந்ததையும் பெரும்பாலும் குறிக்கும். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்துப் பதிப்பது பழைய வழக்கம். கண்ணாடி உடைந்ததெனின் வெடிப்பு வளர்கின்றது என்றும், உடையாதிருப்பின் அசைவு ஓய்ந்தது என்றும் அறியலாம். ஓய்ந்துவிட்ட அசைவுக்குப் பெரும்பொருள் செலவிட்டு மருந்து செய்யவேண்டுவதில்லை. வளர்கின்ற அசைவையோ ஒருநாளும் பூச்சினால் மறைத்தல் ஆகாது.

நிற்க. அடிதளர்ந்த கட்டடத்துக்குச் செய்யும் மருந்துகளுள் தலையாயவை இரண்டு. ஒன்று, சிமெண்டு முதலியவற்றை நீர்க்கக் கரைத்த குழம்பை அழுத்தத்தோடு மண்ணினுள்ளும் சுவரினுள்ளும் பாய்ச்சுதல். இதனைக் கட்டட வினைஞர் கிரௌட்டிங் என வழங்குவர். மற்றொன்று, மேல்மண்ணை ஊடுருவி ஆழத்திலுள்ள உறுதியான நிலத்தைச் சேருமாறு மரத்தாலோ இரும்பாலோ கான்கிரீட்டாலோ ஆகிய நீண்ட முளைகளை இறக்குதல். இவற்றை அவர் பைல் என்பர். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைச் சுருங்கக் கூறின், குழம்பு நொய்ந்த மண்ணையே திருத்தி அதனிடத்திலேயே வலிதாக்க முயல்வது. முளையோ அந்நொய்ந்த மண்ணை நம்பாது விடுத்து, சுமையை அதன்கீழ் உள்ள நிலத்துக்குக் கொண்டுசெல்வது. இன்ன இடத்துக்கு இன்னது ஏற்றது என்று தெரிந்து செய்வதிலேயே திறமை அடங்கியுள்ளது.

குழம்பு பாய்ச்சும் முறை இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. 1802ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டுத் தியெப் துறைமுகத்தில், பெரீஞி என்னும் பொறியியலார் பழுதுற்ற மதகொன்றின் அடியில் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த குழம்பை அழுத்திச் செலுத்தி அதனைச் செப்பனிட்டார். பின்னர்ச் சிமெண்டு பெருவழக்கிற்கு வந்தபொழுது இம்முறையும் பரவியது. ஆயினும் சிமெண்டுக் குழம்பு எல்லா மண்ணிலும் செல்லுவதன்று. சிமெண்டு நுண்ணிய தூளேயாயினும் அதன் மணிகளுக்கும் ஓர் அளவு உண்டு. சரளையின் இடைவெளிகளிலும் பருமணலின் இடைவெளிகளிலும் அம்மணிகள் நுழையும். நுண்மணலிலும் களிமண்ணிலும் நுழையமாட்டா. சல்லடையின் கண்ணிற் பெரிய அரிசி கீழிறங்காதவாறு போல, குழம்பின் நீர் மட்டும் கசிந்து சிமெண்டு வாயிலிலேயே தங்கிவிடும். ஆகலின் நுண்மணலுக்கு மணிகளே இல்லாத இரசாயனக் கரைசல்களைப் பயன்படுத்துவர். யோஸ்டன் என்பார் 1925ஆம் ஆண்டளவில் கண்ட முறையில், சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலும் கால்சியம் குளோரைடுக் கரைசலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தப்பட்டன. அவை மண்ணுள் ஒன்றையொன்று சந்தித்த அளவில் இறுகிக் கூழாகி, மணலைக் கல்போலப் பிணித்தன.

மண்ணின் துளைகளிற் புகாத கெட்டியான சாந்தினைக் கொண்டும் ஒரு முறை உண்டு. குழாயின் முனையில் அச்சாந்து உருண்டையாகத் திரண்டு, நாற்புறத்து மண்ணையும் நெருக்கிச் செறியச் செய்யும். தளர்ந்த மணலுக்கும் சரியாக இடிக்கப்படாத நிரப்பு மண்ணுக்கும் இது பயன்படுகின்றது. மற்றும், மிகுந்த வேகத்தோடு பாயும் குழம்புத்தாரையால் மண்ணை வெட்டிக் கலக்கி, மண்ணும் சிமெண்டும் சேர்ந்த தூணாக நிலத்தினுள்ளேயே வார்க்கும் முறையும் இக்காலத்தில் பரவியுள்ளது.

இனி முளைகளைப் பற்றிக் கூறுவாம். முளை சுமை தாங்குவது இரு வகையால். முனை பாறையிலோ சரளையிலோ ஊன்றி நிற்பது ஒருவகை. அத்தகைய உறுதியான நிலம் எட்டாவிடத்து, முளையின் உடல்முழுதும் சுற்றியுள்ள மண்ணோடு உராய்ந்து அப்பற்றினால் நிற்பது மற்றொரு வகை. சேற்றில் ஆழச் செருகிய கழியைப் பிடுங்க முயன்றார் அப்பற்றின் வலிமையை அறிவர். ஆம்ஸ்டர்டாம் நகரில் 1648ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய பழைய நகரமண்டபம், இப்பொழுது அரண்மனையாய் இருப்பது, 13,659 மரமுளைகளின்மேல் நிற்பதாகக் கணக்குக் கூறுவர். வெனிஸ் நகரமும் மரமுளைகளின்மேல் எழுந்ததே. மரம் மண்ணுள் மட்கிப்போகாதோ என ஐயுறலாம். நீரில் முழுதும் மூழ்கிய மரத்துக்குக் காற்று எட்டாமையால், அதனை அரிக்கும் பூஞ்சணம் எளிதில் வாழமாட்டாது. பன்னூறாண்டும் மரம் நிலைக்கும். நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து முளையின் தலை காற்றிற் பட்டதாயின், சில பத்தாண்டுகளிலேயே அத்தலை அழுகிவிடும். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரின் பொது நூலகத்தில் 1929ஆம் ஆண்டிற் கண்ட கேடு இத்தகையதே. கட்டடத்துக்குப் பகையாக நாம் கருதும் நீரே, மரமுளைக்கு உயிர்த்துணையாக நிற்றல் காண்க.

புதிய கட்டடத்துக்கு முளை இறக்குதல் எளிது. நின்ற கட்டடத்துக்கு இறக்குதலே அரிது. பெருஞ்சம்மட்டி கொண்டு அறைந்தால், அவ்வதிர்ச்சியே தளர்ந்த சுவரை வீழ்த்திவிடும். உயர்ந்த பொறிகளை உள்ளே கொண்டுசெல்லவும் இடம் இராது. ஆதலின் இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. சுவரின் அடியில் சிறு குழி தோண்டி, குறுகிய இரும்புக்குழாய்த் துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து, கட்டடத்தின் எடையையே எதிர்ப்பாகக் கொண்டு ஜாக்கிப் பொறியால் அழுத்தி இறக்குவது ஒன்று. இதில் ஒவ்வொரு முளையும் இறங்கும்பொழுதே இத்துணைச் சுமை தாங்கும் என்பது அளந்தறியப்படும். மற்றொன்று, பழைய சுவரையும் கடைகாலையும் ஊடுருவிச் சாய்வாகத் துளையிட்டு, இரும்புக் கம்பி செருகி, சிமெண்டுச் சாந்து செலுத்தி, மெல்லிய முளைகளாக வார்த்தல். இத்தாலியராகிய பெர்னாண்டோ லிட்ஸி என்பார் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இதனைக் கண்டு, மரத்தின் வேர்போற் பலதிசையிலும் பரவுதலின் வேர்முளைகள் எனப் பெயரிட்டார். இங்கே முளையும் குழம்பும் ஒன்றுசேர்ந்து தொழில் புரிகின்றன.

கடைகாலும் தரையும் ஒன்றல்ல என்பதனையும் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சுவர் கடைகாலின்மேல் நிற்கின்றது. தரையோ சுவர்களுக்கிடையே கொட்டி நிரப்பிய மண்ணின்மேற் படுத்துள்ளது. ஆகவே சுவர் அசையாதிருக்கவும் தரை மட்டும் தாழ்தல் உண்டு. தரையைத் தட்டிப் பார்த்தால் வெற்றொலி எழும் இடத்தில், தளத்துக்கும் மண்ணுக்கும் இடையே வெளி உண்டாகியிருக்கலாம். அங்குத் தளத்திற் சிறு துளைகளிட்டு, குழம்பைச் சிறிது சிறிதாகச் செலுத்தி வெளியை நிரப்புவர். அழுத்தம் மிகுந்தால் தளம் மேலெழும்; கான்கிரீட்டுத் தளத்தை அங்ஙனம் பழைய மட்டத்துக்கு உயர்த்துதலும் உண்டு. ஒரு துளையில் முழுதும் செலுத்திவிட்டு அடுத்ததற்குச் செல்லுதல் தவறு, தளம் பிளந்துவிடும். பல துளைகளில் மாறிமாறிச் செலுத்தி, ஒவ்வொரு தரமும் மட்டம் பார்த்தல் வேண்டும். குழம்பு கழிநீர்க்குழாயில் புகுந்து அடைத்துக்கொள்ளாதவாறும் விழிப்போடிருத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, மண்ணை அரித்த நீர் எங்கிருந்து வந்ததெனக் கண்டு அதனை நிறுத்துதல் வேண்டும்; இன்றேல், நிரப்பிய வெளிக்குப் பக்கத்திலேயே மற்றொரு வெளி உண்டாகும்.

நம் நாட்டுக் கரிசல் நிலங்களில் வீடு கட்டுவோர் படும் துன்பத்தை அந்நிலத்தார் நன்கறிவர். அம்மண் மாரியில் நீருண்டு வீங்கும். கோடையில் வறண்டு கைநுழையும் பிளவுகளாய் வெடிக்கும். அதனோடு ஆழமில்லாத கடைகாலும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். இவ்வீக்கமும் சுருக்கமும் மேல்மண்ணிலேயே நிகழ்வன. சில மீட்டர் ஆழத்தில் ஈரம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே அளவாய் இருக்கும். இதனை அறிந்து, ரூர்க்கி நகரிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் அடிபருத்த முளைகளை இந்நாட்டிற் பெருவழக்காக்கினர். கையினால் திருகும் துறப்பணம் கொண்டு துளையிட்டு, அசைவற்ற ஆழத்தில் அத்துளையைக் குமிழ்போல் அகழ்ந்து, கம்பியும் கான்கிரீட்டும் இட்டு வார்ப்பர். குமிழின் விட்டம் தண்டினதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். மேல்மண் வீங்கி முளையை மேலே தூக்க முயலினும், கிழங்கு பற்றிய கொடிபோல அது பெயராது நிற்கும். முளைத்தலைகளை இணைக்கும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே சிறிது வெளிவிடுதலும் இன்றியமையாதது. மண்ணின் இயல்பை அறிந்து மருந்து தேர்ந்தமைக்கு இஃது ஒரு நல்ல சான்று.

இவ்வளவும் கூறியது பொதுவகையான். இனி, இம்முறைகள் உண்மையில் எங்ஙனம் நிகழ்ந்தன என்பதற்கு ஒரு பேராலயத்தின் வரலாற்றைச் சிறிது விரிவாகக் கூறுவாம். இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள வின்செஸ்டர் நகரத்துப் பேராலயம் 1079ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்பிரே டி லூசி என்னும் அத்தியட்சர் அதன் கீழ்த்திசைப் பகுதியை விரிவுபடுத்தினார். அவ்விடம் ஆற்றங்கரையை அடுத்த சதுப்புநிலம். அக்காலத்துக் கொத்தர், பீச் மரக்கட்டைகளைத் தெப்பம்போற் பரப்பி, அதன்மேல் கற்சுவரை எழுப்பினர். தெப்பத்தின்கீழே களிமண், அதன்கீழ்ப் பீட் என்னும் கரிய மென்மண், அதற்கும் கீழேதான் உறுதியான சரளை. எழுநூறு ஆண்டளவில் அம்மென்மண் நசுங்க, சுவர்கள் தாழ்ந்து வெளிப்புறம் சாய்ந்தன, வளைவுகள் பிளந்தன. 1905ஆம் ஆண்டில் நிலைமை அஞ்சத்தக்கதாயிற்று. தாமஸ் ஜாக்ஸன் என்னும் சிற்பநூல் வல்லுநரும், பிரான்சிஸ் பாக்ஸ் என்னும் பொறியியலாரும் இதனை ஆராயத் தலைப்பட்டனர்.

சரளைவரை தோண்டிப் புதுக்கடைகால் இடலாம் என்பது அவர்தம் எண்ணம். தோண்டிய அளவில் குழியில் நீர் பொங்கிற்று. இறைக்கும் பொறிகொண்டு நீரை வாங்குதல் எவர்க்கும் தோன்றும் வழியே. ஆயினும் அவ்வாறு இறைத்தால், ஓடிவரும் நீர் சுவரின் அடியிலுள்ள நுண்மண்ணையும் உடன் வாரிக்கொண்டு வந்துவிடும். மேலும், நீரை இழந்த சதுப்புமண் சுமையால் மேலும் நசுங்கும். காப்பாற்றத் தோண்டிய குழியே ஆலயத்துக்குப் படுகுழியாய் முடியும். நீரை இறைக்கவும் இயலாது, நீருள் கொத்துவேலை செய்யவும் இயலாது என்னும் இவ்விடுக்கணில், பாக்ஸ் என்பார் கண்ட வழி புதுமையானது. கடலில் மூழ்கித் தொழில்புரியும் சுழியோடி ஒருவரை ஆலயத்தின் அடியில் இறக்குவதே அவ்வழி.

சுழியோடி இறங்குமுன் ஆலயம் காக்கப்படல் வேண்டுமன்றோ? ஆகலின் முதலில் சாய்ந்த சுவர்களுக்குப் பருத்த மரங்களால் முட்டுக்கொடுத்தனர். வளைவுகளைச் சட்டங்களால் தாங்கினர். அடுத்து, பழஞ்சுவர்களின் உட்புறத்தைக் குழம்பால் நிரப்பினர். அச்சுவர்கள் இருபுறமும் செதுக்கிய கல்லும் நடுவே சிறுகல்லும் சுண்ணச்சாந்தும் இட்டுக் கட்டியவை. நடுப்பகுதி நாட்பட உதிர்ந்து பொள்ளலாகியிருந்தது. சுரங்கப்பாதை வேலைக்கென கிரேட்ஹெட் என்பார் அமைத்த பொறியினால், அழுத்திய காற்றின் வலியைக்கொண்டு, சிமெண்டுக் குழம்பை அவ்வெடிப்புகளிலும் பொள்ளல்களிலும் செலுத்தினர். பிளவுபட்டுக் கிடந்த சுவர் ஒரே கல்போற் பிணிப்புண்டது. அதன் பின்னரே அடியில் கைவைத்தனர். இம்முறைவைப்பே இவ்வரலாற்றில் நாம் சிறப்பாகக் கவனிக்கற்பாலது. பிணிப்பில்லாத சுவரின் அடியைத் தோண்டினால், கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து குழியில் வீழ்ந்திருக்கும்.

வில்லியம் வாக்கர் என்பார் ஸீபி கோர்மன் என்னும் நிறுவனத்தைச் சார்ந்த தேர்ந்த சுழியோடி. அவர் 1906ஆம் ஆண்டு முதல் 1911ஆம் ஆண்டுவரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறுமணி நேரம், ஆறு மீட்டர் அளவு ஆழமுள்ள நீரில் மூழ்கி உழைத்தார். சேறு கலங்கிய அந்நீரில் விளக்கொளியும் பயன்படாது. முழு இருளிற் கைகளால் தடவியே வேலைசெய்தார். சுவரின் அடியில் சிறுசிறு குழிகளாக எடுத்து, மென்மண்ணை அகற்றிச் சரளையை எட்டினார். அச்சரளையின்மேல் கான்கிரீட்டு நிரப்பிய மூட்டைகளை அடுக்கி, அவற்றைக் கிழித்து ஒன்றோடொன்று பிணையச் செய்தார். அவை இறுகி நீர்வரத்தை அடைத்த பின்னர், குழியிலிருந்த நீரை அச்சமின்றி இறைக்க முடிந்தது. பிறகு கொத்தர் இறங்கி, கான்கிரீட்டுக் கற்களாலும் செங்கற்களாலும் பழைய கடைகாலை முட்டும்வரை கட்டியெழுப்பினர். ஒரு குழி முடிந்து இறுகுமுன் அதன் அண்டையில் மற்றொன்று தோண்டலாகாது என்பது விதி. ஏனெனில், சுவர் ஒரே காலத்தில் நெடுந்தூரம் ஆதாரமின்றி நிற்கலாகாது. 25,000க்கு மேற்பட்ட கான்கிரீட்டு மூட்டைகளும், 1,15,000 அளவு கான்கிரீட்டுக் கற்களும், 9,00,000 அளவு செங்கற்களும் இப்பணியிற் செலவாயின என்பர். 1912ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நன்றியறிதல் ஆராதனை நடைபெற்றது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதில் கலந்துகொண்டு, வாக்கரையும் சிறப்பித்தார். ஆலயம் இன்றும் நிற்கின்றது. அதன் நிலவறையில் மாரிக்காலத்தில் இன்றும் நீர் ஏறுகின்றது. சுவர்களோ சரளையின்மேல் ஊன்றியுள்ளன.

வின்செஸ்டரில் முளை இறக்கவில்லையே எனின், அங்குச் சரளை சுழியோடியின் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்தது. ஆகலின் முளை செய்யும் தொழிலை அக்கட்டுமானமே செய்தது. குழம்பு சுவரைப் பிணித்தது. அடிக்கட்டுச் சுமையைச் சரளைக்குக் கொண்டுசென்றது. ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் எதிர்பாராமையே வெற்றிக்குக் காரணமாயிற்று.

இதற்கு மாறான வரலாறு இத்தாலியில் உளது. பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை அறியாதார் இலர். 1173ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் கட்டுமானம் மூன்றாம் நிலை எழுந்த அளவிற் சில ஆண்டுகளில் நின்று, ஏறத்தாழ நூறாண்டு கழித்து மீளத் தொடங்கிற்று. மென்மையான களிமண்ணின்மேல் எழுந்தமையால் அது தெற்கே சாய்ந்தது. 1934ஆம் ஆண்டில், அடியில் நீர்புகாமற் செய்யக் கருதி, கடைகாலில் 361 துளைகளிட்டுப் பல பத்து டன் சிமெண்டுக் குழம்பைப் பாய்ச்சினர். விளைவு யாது? நின்றிருந்த கோபுரம் திடீரென மேலும் தெற்கே சாய்ந்தது. வின்செஸ்டரில் உயிரளித்த மருந்தே பீசாவில் நஞ்சாயிற்று. வின்செஸ்டரில் குழம்பு சென்றது முட்டுக்கொடுத்த சுவரினுள். பீசாவில் நுனிக்காலில் நிற்பான் ஒருவன்போற் சமனிழக்கும் நிலையிலிருந்த கோபுரத்தின் காலடியில். அங்கே சிறு துளையும் பெருங்கலக்கமே.

1989ஆம் ஆண்டில் இத்தாலியின் பாவியா நகரத்துப் பழைய கோபுரமொன்று வீழ்ந்து நால்வர் மாண்டனர். அது நிகழ்ந்தபின், 1990ஆம் ஆண்டு ஜனவரியில் பீசாக் கோபுரம் மக்களுக்கு அடைக்கப்பட்டது. யமியோல்கோவ்ஸ்கி என்னும் பேராசிரியர் தலைமையில் அறிஞர் குழுவொன்று அமைந்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் பேராசிரியர் ஜான் பர்லண்டும் அதில் ஒருவர். 1993ஆம் ஆண்டில் வடபுறத்தில் ஈயக்கட்டிகளை ஏற்றிச் சாய்வை ஓரளவு தடுத்தனர். 1995ஆம் ஆண்டில் மற்றொரு முயற்சிக்காக மண்ணை உறையச் செய்தபொழுது, கோபுரம் மீண்டும் அசைந்து அனைவரையும் நடுங்கவைத்தது. உடனே ஈயம் மிகுதியாக ஏற்றப்பட்டது. இறுதியில் 1999 முதல் 2001 வரை, உயர்ந்து நின்ற வடபுறத்தின் அடியிலிருந்து சாய்வான துளைகள் வழியே மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றினர். அகற்றிய மண் ஏறத்தாழ 38 கனமீட்டர். அதனால் வடபுறம் தாழ்ந்து, சாய்வு ஐந்தரைப் பாகையிலிருந்து அரைப்பாகை அளவு குறைந்தது. 2001ஆம் ஆண்டு டிசம்பரில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது. தாழ்ந்த புறத்தைத் தூக்க முயன்று தோற்றவிடத்து, உயர்ந்த புறத்தைத் தாழ்த்தி வென்றனர். குழம்பும் முளையும் இன்றியே இம்மருந்து பலித்தது.

இதனால் குழம்பு பாய்ச்சுதல் தீங்கானது என்று கொள்ளற்க. அதே பர்லண்டு பேராசிரியர் இலண்டனில் அதனைக்கொண்டே மற்றொரு கோபுரத்தைக் காத்தார். 1990ஆம் ஆண்டுகளில் வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறத்தாழ 39 மீட்டர் ஆழத்தில் நிலத்தடி ரயில் நிலையம் அகழப்பட்டபொழுது, அருகிலுள்ள பெரிய மணிக்கூண்டு, பிக் பென் என உலகறிந்தது, சாய்ந்துவிடுமோ என அஞ்சினர். கடைகாலுக்கும் சுரங்கத்துக்கும் இடையிலுள்ள களிமண்ணில் கிடையாகக் குழாய்களைப் பரப்பி வைத்தனர். அகழ்வினால் கோபுரம் இம்மியளவு தாழுந்தோறும், அக்குழாய்கள் வழியே வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு குழம்பைச் செலுத்தி அத்தாழ்வை ஈடுசெய்தனர். கோபுரத்தின் அசைவு இடைவிடாது அளக்கப்பட்டு வந்தது. அளந்து, செலுத்தி, மீண்டும் அளந்து செய்தமையாலேயே கோபுரம் வரம்பிற்குள் நின்றது.

மேற்கூறிய வரலாறுகளால் நாம் பெறும் முடிபு இதுவே: குழம்பும் முளையும் தம்மியல்பால் நல்லனவும் அல்ல, தீயனவும் அல்ல, மண்ணையும் நீரையும் அறிந்து, உரிய முறைவைப்போடு, அளந்து செய்யும்பொழுதே அவை காக்கின்றன. தம் வீட்டுச் சுவரில் வெடிப்பைக் கண்டவர், விலைகூறி வருவோர் எவரிடத்தும் ஒரு முறையை உடனே ஒப்புக்கொள்ளுதல் தகாது. வெடிப்பு வளர்கின்றதா, நீர் எங்கிருந்து வருகின்றது, உறுதியான நிலம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது, தாழ்ந்தது சுவரா தரையா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடைகண்ட பின்னரே பொருள் செலவிடுதல் அறிவுடைமை. துளையிட்டு மண்ணைச் சோதிப்பதற்காகும் செலவு, தவறான மருந்தினால் வரும் இழப்பை நோக்க மிகச் சிறிது.

வில்லியம் வாக்கர் 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய விஷச் சுரத்தால் இறந்தார். 1964ஆம் ஆண்டில் பேராலயத்தார் அவருக்கு ஒரு சிறு உருவச்சிலை எடுத்தனர். அச்சிலையில் அமைந்தது வாக்கரின் முகமன்று, பாக்ஸின் முகம் என்பது பின்னர் வெளியாயிற்று. 2001ஆம் ஆண்டிலேயே வாக்கரின் உண்மையுருவம் அங்கு வைக்கப்பட்டது. நிலத்தின்கீழ் உழைத்தவரின் முகத்தை உலகம் அறிந்துகொள்ள இத்துணைக் காலம் ஆயிற்று. பெருங்கட்டடம் ஒன்றினுள் நுழையும்பொழுதெல்லாம், மேனோக்கி வியக்கும் நாம், அதன் அடியில் இருளில் நின்று உழைத்த கைகளையும் ஒருகணம் நினைத்தல் நன்று.